இடஒதுக்கீட்டுப் போராட்டம் மதக்கலவரமாக மாறுவது எப்படி? அகமதாபாத் 1985 சொல்வதும், தென்காசி மாவட்டத்துக்குத் தெரிந்ததும்

ஆகஸ்ட் மாதம் பிறந்தால் வாசுதேவநல்லூர் வட்டாரத்தில் பள்ளிக்கூடப் பசங்களுக்குக்கூட ஓர் எண் மனப்பாடம்: 144. ஆகஸ்ட் 20-ல் பச்சேரியில் ஒண்டிவீரன் நினைவு நாள். செப்டம்பர் 1-ல் நெற்கட்டும்செவலில் பூலித்தேவர் பிறந்தநாள். இரண்டும் பக்கத்துப் பக்கத்து ஊர். பூலித்தேவரும் அவருடைய படைத்தளபதி ஒண்டிவீரனும் ஒரே பக்கம் நின்று கம்பெனிப் படையை எதிர்த்தவர்கள். ஆனா இன்னைக்கு அவங்க பேரில் கூடுகிற கூட்டங்கள் எங்கே மோதிக்கொள்ளுமோ என்று மாவட்ட நிர்வாகம் தடை உத்தரவு போடுகிறது. (2024 ஜூலையில் புதிய குற்றவியல் சட்டம் வந்த பிறகு அந்தப் பிரிவின் எண் 163. ஊர் வாயில் அது இன்னும் 144தான்.)

இந்தப் பக்கத்து மோதல்களில் ஒரு விஷயத்தைக் கவனித்திருப்பீங்க. சாதிச் சண்டை பெரும்பாலும் சாதிச் சண்டையாகவே நிற்கிறது. நாட்டின் வேறு சில பகுதிகளில் அப்படி நிற்கவில்லை. இடஒதுக்கீடு வேண்டும், வேண்டாம் என்று தொடங்கிய போராட்டம் சில வாரங்களில் இந்து, முஸ்லிம் கலவரமாக மாறி, இடஒதுக்கீட்டோடு சம்பந்தமே இல்லாதவர்களின் வீடுகள் எரிந்திருக்கின்றன. அதற்கு மிகத் தெளிவான உதாரணம் 1985-ன் அகமதாபாத். அங்கே என்ன நடந்தது, ஏன் நடந்தது, தமிழ்நாட்டில் ஏன் அதே மாதிரி நடக்கவில்லை? விரிவாகப் பார்க்கலாம்.

10 சதவீதம், 28 சதவீதம்

முதலில் 1981. அகமதாபாத் பி.ஜே. மருத்துவக் கல்லூரியில் முதுநிலை மருத்துவப் படிப்பில் ஒதுக்கப்பட்ட இடங்களை எதிர்த்து மாணவர்கள் போராட்டம் தொடங்கினார்கள். நோய்க்குறியியல் துறையில் ஒரே ஒரு சீட் தொடர்பாகக் கிளம்பிய தகராறு அது. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கான இடங்களைப் பற்றிய அந்தப் போராட்டம் சில வாரங்களில் தலித் குடியிருப்புகள் மீதான தாக்குதலாகிவிட்டது. அகமதாபாத்தோடு நிற்காமல் கிராமங்களுக்கும் பரவியது. அந்த நேரத்தில் சில இடங்களில் தலித்துகளுக்கு அடைக்கலம் கொடுத்தவர்கள் முஸ்லிம்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நான்கே வருடத்தில் இந்தப் படம் தலைகீழாகும்.

அப்போது குஜராத் முதலமைச்சர் மாதவ்சிங் சோலங்கி. க்ஷத்திரியர், ஹரிஜன், ஆதிவாசி, முஸ்லிம் ஆகிய நான்கு தரப்பையும் ஒரே வாக்கு வங்கியாகக் கட்டியவர் அவர். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'காம்' கணக்கு என்று பத்திரிகைகள் அதற்குப் பேர் வைத்தன. இங்கே ஒரு குறிப்பு: குஜராத்தில் 'க்ஷத்திரியர்' என்ற அந்த அரசியல் அடையாளத்துக்குள் பெரும்பங்கு பிற்படுத்தப்பட்ட சாதியினர்தான்.

1985 ஜனவரியில், சட்டமன்றத் தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்னால், பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டை 10 சதவீதத்திலிருந்து 28 சதவீதமாக உயர்த்துவதாக சோலங்கி அரசு அறிவித்தது. ஏற்கனவே பட்டியல் சாதியினருக்கு 7, பழங்குடியினருக்கு 14. மொத்தம் 49. சாதியை அல்ல, வருமானத்தையும் தொழிலையும் பார்த்துக் கொடுங்கள் என்பது ரானே ஆணையத்தின் பரிந்துரை. அரசு சதவீத உயர்வை மட்டும் எடுத்துக்கொண்டு அந்த அளவுகோலை விட்டுவிட்டது. பிப்ரவரியில் மாணவர் போராட்டம் வெடித்தது. பெற்றோர் சங்கங்களும் சேர்ந்தன.

மார்ச் தேர்தலில் என்ன ஆச்சு? 182 இடங்களில் காங்கிரஸுக்கு 149. போராடியவர்கள் தெருவில் பெரிய கூட்டமாகத் தெரிந்தார்கள், வாக்குப்பெட்டியில் சின்னக் கூட்டமாக இருந்தார்கள். பிராமணர், வணிகர், பட்டேல் சமூகத்தினரைத் தவிர மற்றவர்களுக்கு அந்த 28 சதவீதத்தால் நஷ்டம் ஒன்றும் இல்லையே.

மார்ச் 18

புதிய அமைச்சரவை பதவியேற்ற கையோடு மார்ச் 18-ல் மாநிலம் தழுவிய பந்த். அதையொட்டி அகமதாபாத் பழைய நகரத்தின் தரியாபூர் பகுதியில் இந்து, முஸ்லிம் மோதல் வெடித்தது. கல், பிறகு கத்தி, பிறகு தீ. ஊரடங்கு வந்தது, ராணுவம் வந்தது. ஏப்ரல் 22-ல் ஒரு தலைமைக் காவலர் கொல்லப்பட்ட பிறகு காவலர்களே கட்டுப்பாடு இழந்தார்கள். 'குஜராத் சமாச்சார்' நாளிதழின் அலுவலகம் எரிந்தது. ஜூனில் ஜெகந்நாதர் ரத யாத்திரையையொட்டி மறுபடியும் கலவரம். ஜூலையில் சோலங்கி பதவி விலகினார், பழங்குடி சமூகத்தைச் சேர்ந்த அமர்சிங் சவுத்ரி முதலமைச்சரானார். கூடுதல் 18 சதவீதம் கைவிடப்பட்டது. அந்த மாதங்களில் இறந்தவர்கள் 200 பேருக்கும் மேல்.

இதில் முஸ்லிம்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதுதான் கேள்வி. மருத்துவக் கல்லூரி சீட்டில் சண்டை போட்டது அவர்கள் இல்லை. 28 சதவீதத்தைக் கேட்டதும் அவர்கள் இல்லை. பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சில முஸ்லிம் பிரிவுகள் இருந்தன, அவ்வளவுதான்.

அன்றைக்கு ஒரு தரப்பு, தெருவில் நெருக்கடி முற்றியதால் ஆளுங்கட்சிதான் கவனத்தைத் திருப்பிவிட்டது என்றது. இன்னொரு தரப்பு, போராட்டத்துக்குப் பின்னால் இருந்த அமைப்புகள்தான் திருப்பின என்றது. கலவரத்தை விசாரிக்க ஓய்வுபெறாத நீதிபதியா, ஓய்வுபெற்றவரா என்று நாம் வழக்கமாகப் பேசுகிற விஷயங்களை விட்டுவிட்டு, இரண்டு தரப்புமே ஒத்துக்கொள்ளும் ஒன்றைப் பார்ப்போம்: திருப்பினால் திரும்பும் என்கிற நிலைமை தயாராக இருந்தது. அந்த நிலைமையைப் பற்றி ஆய்வாளர் ஓர்னித் ஷானி 2007-ல் ஒரு முழுப் புத்தகமே எழுதினார். சாதிகளுக்கிடையே உண்டான பதற்றம்தான் இந்து ஒற்றுமை என்ற அரசியலுக்கு உரமானது என்பது அவருடைய வாதத்தின் சாரம்.

என் வார்த்தையில் சொன்னால் இது ஒரு கூட்டல் கணக்கு. இடஒதுக்கீட்டை எதிர்ப்பவர்கள் சாதியாக நின்றால் சிறுபான்மை. 149 இடங்கள் அதைத்தான் காட்டின. எதிரே நிற்கும் பிற்படுத்தப்பட்டவர்களையும் தலித்துகளையும் தன் பக்கம் இழுக்காமல் அடுத்த தேர்தலில் ஜெயிக்க முடியாது. ஆனா அவர்களிடம் "உன் சீட்டை விட்டுக்கொடு, நாம் ஒன்று" என்று சொன்னால் யார் வருவார்கள்? சீட்டைப் பற்றிப் பேசாமல் "நாம் எல்லோரும் இந்து" என்று சொல்ல முடிந்தால் அதே ஆட்கள் பெரும்பான்மையின் பாகமாகிவிடுவார்கள். அப்படிச் சொல்ல எதிரே ஒருத்தர் வேண்டும். அந்த எதிர் ஆள் இடஒதுக்கீட்டில் சம்பந்தப்படாதவராக இருப்பது இன்னும் வசதி.

மீனாட்சிபுரம்: நம்ம பக்கத்துக் கதை

இந்தக் கணக்கில் நம்ம மாவட்டத்துக்கும் ஒரு பங்கு இருக்கிறது. 1981 பிப்ரவரியில் அகமதாபாத்தில் தலித் குடியிருப்புகள் தாக்கப்பட்டுக் கொண்டிருந்த அதே மாதம், 19-ம் தேதி, தென்காசி பக்கம் மீனாட்சிபுரத்தில் சுமார் 180 தலித் குடும்பங்கள் இஸ்லாத்துக்கு மாறின. அப்போது அது ஒருங்கிணைந்த திருநெல்வேலி மாவட்டம். ஆதிக்கச் சாதியின் கெடுபிடி, காவல் துறையின் தொல்லை, டீக்கடையிலும் பேருந்திலும் மரியாதைக்கேடு என்று காரணங்களை அந்த மக்களே சொன்னார்கள். சாதிக் கொடுமைக்கு அவர்கள் கண்டுபிடித்த வெளிவழி அது.

டெல்லி அதை அப்படிப் பார்க்கவில்லை. தலைவர்கள் வரிசையாக வந்து போனார்கள். 'அரபு நாட்டுப் பணம்' என்ற பேச்சு கிளம்பியது. ஊரில் சாதிப் பிரச்சினையாக இருந்தது, பத்திரிகைத் தலைப்பில் மதப் பிரச்சினையாகிவிட்டது. விசுவ ஹிந்து பரிஷத் நாடு முழுக்கத் தன் வேலையை வேகப்படுத்த மீனாட்சிபுரம் முக்கியக் காரணமானது. 1983-ல் கங்கை நீரைச் சுமந்து சென்ற ஏகாத்மதா யாத்திரை அந்த வரிசையில் வந்தது. பிற்படுத்தப்பட்டோரையும் தலித்துகளையும் 'விலகிப் போக விடாமல்' இந்துக்களாக ஒன்றுசேர்க்கணும் என்ற பேச்சு குஜராத்துக்கும் போய்ச் சேர்ந்தது. 1981-ல் அங்கே தலித்துகளை அடித்துக் கொண்டிருந்த தெருக்களில் 1985-க்குள் வேறு மொழி பழகிவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை, வேடிக்கை என்று சொல்லவும் மனசு வரலை: மதம் மாறிய அந்தக் குடும்பங்களுக்கு இடஒதுக்கீடு என்ன ஆனது? 1950-ன் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதியாக முடியும். 1956-ல் சீக்கியர்களும் 1990-ல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். இஸ்லாத்துக்கோ கிறிஸ்தவத்துக்கோ போனால் அந்தத் தகுதி போய்விடும். தீண்டாமை விட்டதா இல்லையா என்பது வேறு கேள்வி, சான்றிதழ் விட்டுவிடும். இதை ஆராய 2022-ல் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் அமைக்கப்பட்டது. இஸ்லாத்துக்கு மாறிய பட்டியல் சாதியினரையும் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களாகக் கருதலாம் என்று தமிழ்நாடு அரசு 2024 மார்ச்சில்தான் ஆணை போட்டது. மீனாட்சிபுரத்திலிருந்து கணக்குப் போட்டால் 43 வருஷம்.

மில் கதவு மூடியபோது

அகமதாபாத்துக்குத் திரும்புவோம். மேலே இருந்து யார் திருப்பினாலும் கீழே கல் எடுக்கக் கை வேண்டும். அந்தக் கைகள் பல, ஆலைத் தொழிலாளர் குடியிருப்புகளில் இருந்து வந்தன. அகமதாபாத் ஜவுளி மில்களில் நூற்புப் பிரிவில் தலித்துகள் அதிகம், நெசவுப் பிரிவில் முஸ்லிம்கள் அதிகம். ஒரே சைரனுக்கு எழுந்து ஒரே கேட்டில் நுழைந்தவர்கள். 1920-ல் காந்தியின் வழிகாட்டலில் உருவான மஜூர் மகாஜன் தொழிற்சங்கம் இவர்களை ஒரு குடைக்குள் வைத்திருந்தது. 80-களின் தொடக்கத்தில் மில்கள் ஒவ்வொன்றாக மூடின. வேலை போனது, சங்கம் போனது, ஒரே கேட்டும் போனது. மிச்சம் இருந்தது எதிரெதிர்ச் சந்து மட்டும். 1981-ல் அடைக்கலம் கொடுத்தவர்களும் வாங்கியவர்களும் 1985, 86 கலவரங்களில் எதிரெதிரே நின்றார்கள்.

இந்து, முஸ்லிம் மக்கள் தொழிலிலும் சங்கத்திலும் கலந்திருக்கும் நகரங்களில் வதந்தி கலவரமாவது கஷ்டம் என்று அஷுதோஷ் வார்ஷ்னி 2002-ல் நகரங்களை ஒப்பிட்டு எழுதினார். எங்க ஊரிலிருந்து கொஞ்ச தூரம் போனால் புளியங்குடி எலுமிச்சை மண்டி. விளைவிப்பவர் ஒரு சமூகம், கமிஷன் கடைக்காரர் இன்னொரு சமூகம், மூட்டை தூக்குபவர் வேறொரு சமூகம். அங்கே ஒருநாள் கடை அடைத்தால் பழம் அழுகும், மூன்று பேருக்கும் நஷ்டம். வார்ஷ்னி சொல்வது அங்கே நின்று பார்த்தால் புரிகிறது. ஆனா எனக்கு ஒரு சந்தேகமும் உண்டு: இதே மண்டி உள்ள வட்டாரத்தில்தானே சாதி மோதலும் நடக்குது? வியாபார உறவு மதத்தைத் தாண்டுகிற அளவுக்குச் சாதியைத் தாண்டுவதில்லை.

1990-லும் 2023-லும்

அகமதாபாத் கதை ஐந்து வருடத்தில் தேசிய அளவில் திரும்ப ஓடியது. 1990 ஆகஸ்ட் 7-ல் பிரதமர் வி.பி.சிங் மண்டல் பரிந்துரைப்படி மத்திய அரசு வேலைகளில் 27 சதவீதத்தை அறிவித்தார். வட இந்தியாவில் மாணவர்கள் தீக்குளித்தார்கள். செப்டம்பர் 25-ல் எல்.கே.அத்வானியின் ரத யாத்திரை சோம்நாத்திலிருந்து கிளம்பியது. அக்டோபர் 23-ல் சமஸ்திபூரில் அவர் கைது, நவம்பரில் ஆட்சி கவிழ்ந்தது. மண்டலுக்கு எதிராகக் கமண்டலம் என்று அரசியல் பேச்சில் ஒரு சொல்வழக்கே உண்டானது. அயோத்தி இயக்கம் மண்டலுக்கு முன்பே இருந்தது என்பதையும் சொல்லியாகணும். ரதம் மண்டலால் பிறக்கவில்லை, வேகம் பிடித்தது என்பதே சரி.

மணிப்பூர் கொஞ்சம் வேறு மாதிரி. மெய்தி சமூகத்தைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கப் பரிந்துரைப்பது பற்றி மாநில உயர் நீதிமன்றம் 2023 மார்ச் 27-ல் பிறப்பித்த உத்தரவை எதிர்த்து மே 3-ல் மலை மாவட்டங்களில் பழங்குடி மாணவர்கள் பேரணி நடத்தினார்கள். அன்றே மோதல். மெய்திகளில் பெரும்பாலோர் இந்துக்கள், குக்கிகளில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். தேவாலயங்களும் எரிந்தன, கோயில்களும் எரிந்தன. 250 பேருக்கும் மேல் இறந்தார்கள், சுமார் 60,000 பேர் வீடிழந்தார்கள். காட்டு நிலம், மியான்மர் அகதிகள், கசகசா பயிர் எனப் பல சிக்கல்கள் சேர்ந்திருந்ததால் இதை வெறும் மதக்கலவரம் என்று சுருக்கக் கூடாது. ஆனா டெல்லிப் பெண் ஒருவரின் கொலைப் படம், 'நம்ம ஊர்ப் பெண்' என்ற பொய்யோடு போனில் சுற்றியது. பழிவாங்கக் கிளம்பிய கூட்டம் அதை நம்பியது. அந்த உத்தரவின் சர்ச்சைக்குரிய பத்தியை அதே நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் நீக்கியது. அதற்குள் பள்ளத்தாக்கும் மலையும் இரண்டு நாடு மாதிரி ஆகிவிட்டது.

சரி, தமிழ்நாட்டில் ஏன் நடக்கவில்லை?

சோலங்கி 49 சதவீதத்துக்கே பதவியை இழந்தார். அதற்கு ஐந்து வருடம் முன்பே, 1980-ல், எம்.ஜி.ஆர். பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டை 31-லிருந்து 50 ஆக உயர்த்தி மொத்தத்தை 68 ஆக்கினார். வருமான வரம்பு கொண்டுவந்து, நாடாளுமன்றத் தேர்தலில் அடி வாங்கிய பிறகு எடுத்த முடிவு அது. கலவரம் இல்லை. இன்று 69. வரிசைக்கு வெளியே நிற்பவர்கள் இங்கே மிகக் குறைவு என்பதால் 'ஒதுக்கீடே வேண்டாம்' என்று பெரிய கூட்டம் சேராது. சேராத கூட்டத்துக்கு மதப் போர்வையும் தேவைப்படாது.

இன்னொரு காரணம் பழையது. 'கம்யூனல்' என்றால் வடக்கே மதவெறி. நமக்கோ 'கம்யூனல் ஜி.ஓ.' என்றால் வகுப்புவாரி உரிமை ஆணை, 'கம்யூனிட்டி சர்டிபிகேட்' என்றால் தாலுகா ஆபீஸில் வாங்கும் தாள். தமிழ் படித்தவனுக்கு இந்த வித்தியாசம் ருசியானது, ஆனால் இது வெறும் சொல் விஷயம் இல்லை. 1928-ல் முத்தையா முதலியார் அமல்படுத்திய ஆணையில் 12 இடங்களில் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர்களுக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர்கள் உட்பட கிறிஸ்தவர்களுக்கு 2, ஒடுக்கப்பட்டோருக்கு 1. அதாவது முஸ்லிமும் கிறிஸ்தவரும் ஆரம்பத்திலிருந்தே அதே வரிசையில் நின்றார்கள். இப்போதும் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீதம் தனியாக உண்டு. வரிசையில் பக்கத்தில் நிற்பவரோடு சண்டை வரலாம், ஆனா அவரை வெளியாள் என்று காட்டுவது சிரமம்.

அதனால் தமிழ்நாட்டு இடஒதுக்கீட்டுச் சண்டை வரிசைக்குள்ளேயே நடக்கிறது. 1987 செப்டம்பரில் வன்னியர் சங்கத்தின் ஒரு வாரச் சாலை மறியலில் 21 பேர் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். அந்த வாரம் எரிந்த குடிசைகள் தலித்துகளுடையவை. 2021-ல் வன்னியர்களுக்கு 10.5 சதவீத உள்ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தபோது தென்மாவட்டச் சீர்மரபினர் கொதித்தார்கள். 2022 மார்ச் 31-ல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. அருந்ததியர்களுக்கான 3 சதவீதத்தை 2024 ஆகஸ்ட் 1 தீர்ப்பு உறுதிசெய்தபோது எங்க பக்கத்தில் ஒரு தெரு பட்டாசு வெடித்தது, இன்னொரு தெரு அமைதியாக இருந்தது. இரண்டும் பட்டியல் சாதித் தெருக்கள். வாசுதேவநல்லூர், சங்கரன்கோவில் சட்டமன்றத் தொகுதிகளும் தென்காசி நாடாளுமன்றத் தொகுதியும் தனித் தொகுதிகள் என்பதால் இந்தப் பேச்சு இங்கே தேர்தல் பேச்சும்தான்.

இதனால் நமக்குக் கவலை இல்லை என்று சொல்ல முடியாது. 1995 ஜூலையில் சங்கரன்கோவில் பக்கம் வீரசிகாமணியில் பஸ் டிரைவருக்கும் மாணவர்களுக்கும் நடந்த தகராறு, ஆகஸ்ட் 31-ல் கொடியங்குளத்தில் காவல் துறை புகுந்து சூறையாடும் வரை போனது. மதம் கலக்காமலேயே அவ்வளவு. மீனாட்சிபுரத்துக்கு ஒரு வருடம் கழித்து, 1982 மார்ச்சில், மண்டைக்காட்டில் இந்து, கிறிஸ்தவ மோதல் வந்து கடலோரத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தது. இரண்டு வகை வெடிமருந்தும் இந்தத் தென்கோடியில் இருந்திருக்கிறது, தனித்தனி அறையில்.

அடுத்து வருவது கணக்கெடுப்பு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியையும் சேர்க்கப் போவதாக ஒன்றிய அரசு 2025 ஏப்ரல் 30-ல் அறிவித்தது. அதற்கான அடிப்படைத் தேதி 2027 மார்ச் 1. எண்கள் வெளியானதும் ஒவ்வொரு சமூகமும் தன் பங்கைக் கேட்கும், கேட்பதில் தப்பும் இல்லை. அப்போது ஒருவர் "உன் பங்கை எடுத்துக்கொண்டது பக்கத்துத் தெரு" என்று சொன்னால் அது பழைய சண்டை. "எடுத்துக்கொண்டது அந்த மதத்துக்காரன்" என்று சொன்னால், அவர் காட்டுகிற பட்டியலில் அந்த மதத்துக்குத் தனியாக எத்தனை சதவீதம், யாருடைய பங்கிலிருந்து அது வந்தது என்று கேட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டில் 3.5-ம் 26.5-ம் சேர்ந்ததுதான் பிற்படுத்தப்பட்டோரின் 30. மிகவும் பிற்படுத்தப்பட்டோரின் 20-லிருந்தோ பட்டியல் சாதியினரின் 18-லிருந்தோ அதற்கு ஒரு இடம்கூட எடுக்கப்படவில்லை.